வலைப்பக்கப் பொருளடக்கத்தின் தோற்றத்தைச் செம்மைப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீண்ட கட்டுரைக்குப் பொருளடக்கம் சேர்ப்பது இன்று பெரிய வேலை இல்லை. ஒரு பிளக்கினை நிறுவினால் தானாகவே வந்துவிடும். ஆனால் அப்படி வருவது பெரும்பாலும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே அடிக்கோடிட்ட நீல இணைப்புகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் வரிகள். கட்டுரையின் முதல் பத்தியைத் திரைக்குக் கீழே தள்ளிவிட்டு அது உட்கார்ந்திருக்கும்.

பொருளடக்கத்திடம் வாசகர் கேட்பவை இரண்டே கேள்விகள். இந்தக் கட்டுரையில் என்னென்ன இருக்கிறது? இப்போது நான் எங்கே இருக்கிறேன்? நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் இவற்றில் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாத நிழல், ஐகான், வரிக்கு வரி போட்ட கோடு எல்லாவற்றையும் தயங்காமல் எடுத்துவிடலாம்.

சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) பண்புகளின் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். எடிட்டரில் அவற்றை வழக்கமான ஆங்கில வடிவில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

1. முதலில் எச்டிஎம்எல்லைச் சரிபாருங்கள்

நிறத்திலும் இடைவெளியிலும் கை வைக்கும் முன் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, எச்டிஎம்எல்லில் (பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் மொழி) பட்டியல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முழுப் பொருளடக்கமும் ஒரு ‘நேவ்’ குறியீட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு ‘ஏரியா-லேபிள்’ பண்பில் ‘பொருளடக்கம்’ என்று பெயர் கொடுங்கள். தளத்தின் முதன்மை மெனுவும் ஒரு நேவ்தான். பெயர் இல்லாவிட்டால் ஸ்க்ரீன் ரீடர் (திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவருக்கு எது எதுவென்று தெரியாது.

உள்ளே வரிசைப் பட்டியல். துணைத்தலைப்புகளின் பட்டியல் தாய்த்தலைப்பின் ‘எல்ஐ’ குறியீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பல பிளக்கின்கள் எல்லாத் தலைப்புகளையும் ஒரே மட்டத்தில் அடுக்கிவிட்டு, துணைத்தலைப்புக்கு இடதுபக்க பேடிங்கை (உள் இடைவெளியை) மட்டும் கூட்டுகின்றன. கண்ணுக்கு அது படிநிலையாகத் தெரியும், ஆனால் குறியீட்டில் படிநிலை இல்லை.

எத்தனை மட்டங்கள்? எச்2 (முதன்மைத் துணைத்தலைப்பு), எச்3 (அதற்கு உட்பட்டது) போதும். எச்4 வரை இழுத்தால் பட்டியல் அறுபது வரிகளுக்குப் போய், ஒரே பார்வையில் கட்டுரையைக் காட்டும் வேலையை அது செய்யாமல் போகும். பெட்டியின் மேலிருக்கும் ‘பொருளடக்கம்’ என்ற சொல்லை எச்2 ஆக்க வேண்டாம்; தானியங்கிக் கருவி அதையும் பட்டியலில் முதல் வரியாகச் சேர்த்துவிடும்.

ஐடிகளை (இணைப்பு போய்ச் சேர வேண்டிய தலைப்பை அடையாளம் காட்டும் பெயர்களை) ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். ‘செய்முறை’ என்ற துணைத்தலைப்பு மூன்று இடங்களில் வந்து, மூன்றுக்கும் ஒரே ஐடி இருந்தால் மூன்று இணைப்புகளும் முதல் இடத்துக்கே போகும். தமிழில் ஐடி வைக்கலாம், பிரவுசர்கள் ஏற்கும். ஆனால் முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக விரியும். ஸ்கிரிப்ட்டில் ஐடியை ஒப்பிடும் முன் அந்தக் குறியாக்கத்தை அவிழ்க்க வேண்டும். மறந்தால் இணைப்பு வேலை செய்யும், ஆனால் நடப்புப் பகுதியை (வாசகர் இப்போது படிக்கும் இடத்தை) சுட்டும் வசதி மட்டும் சத்தமில்லாமல் செயலிழந்து நிற்கும்.

2. பெட்டிக்கு இடம் ஒதுக்குங்கள்

அகலத் திரையில் கட்டுரைக்குப் பக்கத்தில் தனிப் பத்தியாக (நெடுவரிசையாக) வைப்பதே சிறந்தது. கிரிட் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் முறை) போதும்: கட்டுரைக்கு ‘மின்மேக்ஸ் 0, 1எஃப்ஆர்’ (மிஞ்சிய இடம் முழுவதும்), பொருளடக்கத்துக்கு 16 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவின் மடங்கு; வழக்கமாக 1 ரெம் 16 பிக்சல்), இடைவெளி 3 ரெம். கட்டுரைக்கு வெறும் ‘1எஃப்ஆர்’ கொடுத்தால், உள்ளே ஒரு நீளமான நிரல்வரியோ அகலமான அட்டவணையோ வந்ததும் பத்தி சுருங்க மறுத்து, பொருளடக்கத்தைத் திரைக்கு வெளியே தள்ளும். அந்த 0 தான் சுருங்க அனுமதி தருகிறது.

எச்டிஎம்எல்லில் பொருளடக்கம் கட்டுரைக்கு முன்பே இருக்கட்டும். வலப்பக்கம் வேண்டுமென்றால் கிரிட் பத்தி எண்ணைக் கொண்டு நகர்த்துங்கள். சிறிய திரையில் ஒற்றைப் பத்தியாகும்போது அது தானாகவே மேலே வந்து நிற்கும். 1024 பிக்சலுக்குக் கீழே ஒற்றைப் பத்தி என்பது பெரும்பாலான தளங்களுக்குப் பொருந்தும்.

3. எழுத்தும் வரி இடைவெளியும்

கட்டுரை எழுத்து 1.125 ரெம் என்றால் பொருளடக்கத்துக்கு 0.875 முதல் 0.9375 ரெம் வரை கொடுங்கள். பிக்சலில் பூட்டிவிடாதீர்கள், பிரவுசரில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு ரெம் கூடவே பெரிதாகும், பிக்சல் ஆகாது.

பல தீம்கள் பக்கப்பட்டைக்கு ‘லைன்-ஹைட்’ 1.3 என்று வைத்திருக்கின்றன. தமிழுக்கு அது போதாது. ‘கீ’, ‘தீ’ போன்றவற்றின் மேற்சுழியும், மேல்வரியில் உள்ள ‘று’, ‘மு’, ‘ழு’ ஆகியவற்றின் கீழ்வாலும் முட்டிக்கொள்ளும். 1.5 வையுங்கள். எழுத்துருவின் சுழிகள் பெரியவை என்றால் 1.6.

அடுத்து, அதிகம் நடக்கும் பிழை. ஒரு தலைப்பு இரண்டு வரியாக மடியும்போது, அந்த இரண்டு வரிகளுக்கு இடையிலான இடைவெளியும் அடுத்த தலைப்புக்கு முன்னுள்ள இடைவெளியும் ஒன்றாக இருந்தால், எது தொடர்ச்சி, எது புதிய தலைப்பு என்று தெரியாது. எனவே இணைப்பை ‘டிஸ்ப்ளே: பிளாக்’ ஆக்கி மேலும் கீழும் 0.3 ரெம் பேடிங் கொடுங்கள். பட்டியல் உறுப்புக்கு மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்தாலும் கண்ணுக்கு அதே தோற்றம் வரும், ஆனால் அந்த இடைவெளியில் கிளிக் செய்தால் எதுவும் நடக்காது. பேடிங் என்றால் முழு வரியும் இணைப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14 பிக்சல் எழுத்து, 1.5 மடங்கில் 21 பிக்சல் வரி, பேடிங் கூட்டினால் ஏறத்தாழ 31 பிக்சல். அணுகல் விதிமுறையான டபிள்யூகேக் 2.2 கேட்கும் 24 பிக்சலை இது தாண்டிவிடுகிறது.

தடிமனில் கவனம் தேவை. எச்2 வரிகளுக்கு 500, எச்3 வரிகளுக்கு 400 என்று பிரிப்பது அழகான வழி. ஆனால் உங்கள் தமிழ் எழுத்துருவில் 500 இல்லையென்றால் பிரவுசர் 400ஐயே எடுத்துக்கொள்ளும், வித்தியாசம் தெரியாது. 600 கேட்டு, எழுத்துருவில் தடித்த வடிவமே இல்லாவிட்டால் பிரவுசர் தானே கோடுகளைத் தடிமனாக்கும். ‘ண’, ‘இ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துப்போய் மையாக நிற்கும். எந்தெந்தத் தடிமன்கள் உண்மையில் ஏற்றப்படுகின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தீமில் ‘லெட்டர்-ஸ்பேசிங்’ எதிர்ம எண்ணில் இருந்தால் ‘நார்மல்’ ஆக்கிவிடுங்கள்.

நீண்ட சொற்களுக்கு ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’ போதும். வரியில் அடங்காத சொல்லை மட்டும் அது உடைக்கும். ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ வேண்டவே வேண்டாம், அது ஒவ்வொரு வரி முடிவிலும் கிடைத்த சொல்லை வெட்டும்.

தலைப்பை ஒரே வரியில் அடக்க மூன்று புள்ளி வைத்து வெட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. ‘பழைய கோப்புகளை உடனே நீக்க வேண்டாம்’ என்ற தலைப்பு ‘நீக்க…’ என்று நின்றால் பொருளே தலைகீழாகிவிடும். தலைப்பு நீளம் என்றால் பொருளடக்கத்துக்கென்று சுருக்கமான வடிவம் ஒன்றை எழுதி, தலைப்பின் டேட்டா பண்பில் வைத்து அங்கிருந்து எடுங்கள்.

4. உள்தள்ளலும் எண்களும்

பிரவுசர் பட்டியலுக்குத் தானாகக் கொடுக்கும் பேடிங் 40 பிக்சல். 16 ரெம் என்பது 256 பிக்சல்தான். இரண்டு மட்டங்களில் 80 பிக்சல் காலியாகப் போனால் எழுத்துக்கு என்ன மிஞ்சும்? எல்லாப் பட்டியல்களின் மார்ஜினையும் பேடிங்கையும் 0 ஆக்கிவிட்டு, மட்டத்துக்கு 0.875 அல்லது 1 ரெம் மட்டும் கொடுங்கள். அதைப் பட்டியலுக்குக் கொடுக்காமல் இணைப்பின் இடதுபக்க பேடிங்காகக் கொடுங்கள். நடப்புப் பகுதியைக் காட்டும் இடதுகோடு அப்போதுதான் எல்லா மட்டங்களுக்கும் ஒரே நேர்கோட்டில் ஓடும்.

புள்ளிகளை ‘லிஸ்ட்-ஸ்டைல்: நன்’ கொண்டு எடுக்கும்போது, சஃபாரியும் வாய்ஸ்ஓவரும் (ஆப்பிளின் ஸ்க்ரீன் ரீடர்) சேர்ந்த இடத்தில் அது பட்டியல் என்ற அறிவிப்பே காணாமல் போவதுண்டு. நேவுக்குள் இருக்கும் பட்டியலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எண்கள் படிப்படியான வழிகாட்டிக்கும், ‘பகுதி 3.2ஐப் பார்க்க’ என்று உள்ளேயே சுட்டும் ஆவணத்துக்கும் மட்டும் வேண்டும். மற்றவற்றுக்கு அவை சுமை. வேண்டுமென்றால் சிஎஸ்எஸ் கவுன்டர் (தானாக எண்ணிடும் வசதி) போதும்: பட்டியல் தோறும் ‘கவுன்டர்-ரீசெட்’, உறுப்பு தோறும் ‘கவுன்டர்-இன்க்ரிமென்ட்’, இணைப்பின் ‘பிஃபோர்’ பகுதியில் ‘கவுன்டர்ஸ்’ சார்பு. 2.1, 2.2 என்று வரும். தலைப்பிலேயே கையால் எண் எழுதியிருந்தால் ‘1. 1.’ என்று இரட்டிக்கும், கவனியுங்கள்.

இரண்டாம் வரி எண்ணுக்கு அடியில் போய் விழாமல், எழுத்துக்கு நேராக நிற்க வேண்டும். இணைப்பை இரண்டு பத்தி கொண்ட கிரிட் ஆக்குங்கள்: எண்ணுக்கு 2.25 ரெம், மீதி எழுத்துக்கு. இங்கே ஒரு பொறி உண்டு. தலைப்புக்குள் சாய்ந்த எழுத்தோ நிரல் குறியீடோ இருந்தால், கிரிட் அதைத் தனி உறுப்பாகக் கருதி வேறு கட்டத்தில் வைத்துவிடும். எழுத்து முழுவதையும் ஒரு ‘ஸ்பான்’ குறியீட்டுக்குள் போட்டால் சரியாகும்.

தமிழ் எண்கள் பிடித்தவர்களுக்கு ‘தமிழ்’ என்ற கவுன்டர் வடிவமே சிஎஸ்எஸ்ஸில் இருக்கிறது. ௧, ௨, ௩ என்று காட்டும். கட்டுரைத் தலைப்புகளிலும் அதே எண்கள் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

5. நிறங்களும் நிலைகளும்

ஒரு வரிக்கு நான்கு நிலைகள்: சாதாரணம், மவுஸ் மேலே வரும்போது, கீபோர்டு ஃபோகஸ் (டேப் விசையால் வந்து நிற்கும்போது), நடப்புப் பகுதி. நான்கையும் ஒரே நேரத்தில் தீர்மானியுங்கள். ஒன்றை மட்டும் அழகாக்கினால் மற்றவை அநாதையாக நிற்கும்.

சாதாரண நிலைக்கு வெள்ளைப் பின்னணியில் #595959 நல்ல தேர்வு, மாறுபாடு (எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு) 7:1. சிறிய எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5:1 வேண்டும். #767676 அந்த எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது, 4.54:1. பல தீம்கள் விரும்பும் #999999 வெறும் 2.85:1 தான். ‘அடக்கமாக இருக்கட்டும்’ என்று நினைத்து வைக்கும் அந்தச் சாம்பல், வெயிலில் பிடித்த போனில் படிக்கவே முடியாது.

இணைப்புகளின் அடிக்கோட்டை இங்கே எடுக்கலாம், பட்டியல் என்பதே இணைப்பு என்று சொல்லிவிடுகிறது. மவுஸ் வரும்போது அடிக்கோட்டைக் கொண்டுவாருங்கள். ‘டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்’ 0.25 எம் (அந்த எழுத்தளவில் கால் பங்கு) வைத்தால் எழுத்துகளின் வால்களோடு கோடு மோதாது. ‘விசிட்டட்’ நிறத்தைச் சாதாரண நிறமாகவே வையுங்கள். இல்லையென்றால் நாலு வரியைத் தட்டியதும் பட்டியல் பாதி ஊதா, பாதி சாம்பல் ஆகும்.

நடப்புப் பகுதியைத் தடித்த எழுத்தால் காட்டாதீர்கள். தடிமன் கூடினால் அகலம் கூடும், ஒரு வரியில் நின்ற தலைப்பு இரண்டாக மடியும், அதற்குக் கீழே உள்ள எல்லாம் குதிக்கும். ஸ்க்ரோல் செய்யச் செய்யப் பட்டியல் துடித்துக்கொண்டே இருக்கும். அடர்ந்த நிறமும் இடப்பக்கம் 2 பிக்சல் கோடும் போதும். மற்ற வரிகளுக்கும் அதே 2 பிக்சல் கோட்டை ஒளிபுகும் நிறத்தில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். கோடு தோன்றும்போது எழுத்து நகராது. நிறத்தை மட்டும் மாற்றினால் நிறப்பார்வைக் குறையுள்ளவருக்குத் தெரியாமல் போகலாம், அதனால் கோடு அவசியம்.

ஃபோகஸுக்கு 2 பிக்சல் அவுட்லைன், ஆஃப்செட் −2 பிக்சல். வெளிப்பக்கம் விட்டால், ஸ்க்ரோல் ஆகும் பெட்டியின் ஓரம் அதை வெட்டிவிடும்.

6. கூடவே வரும் பெட்டி

ஸ்க்ரோல் செய்யும்போதும் பெட்டி திரையிலேயே ஒட்டி நிற்க ‘பொசிஷன்: ஸ்டிக்கி’, ‘டாப்’ மதிப்பாக மேல்பட்டையின் (திரையின் உச்சியில் நிலையாக நிற்கும் மெனுவின்) உயரத்தோடு 1.5 ரெம். மேல்பட்டை உயரத்தை ஒரு சிஎஸ்எஸ் மாறியில் வையுங்கள், அடுத்த படியிலும் அது தேவைப்படும். எழுத இரண்டே வரி. ஆனால் பொருளடக்க வேலையில் அதிக நேரம் விழுங்குவது இதுதான், ஏனென்றால் தவறினால் பிழைச்செய்தி எதுவும் வராது. பெட்டி பேசாமல் மேலே போய்விடும்.

முதல் சந்தேகம் மேலுள்ள கொள்கலன்கள் மீது. பெட்டிக்கும் பக்கத்துக்கும் இடையிலுள்ள ஏதோ ஒரு உறுப்பில் ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’ இருந்தால், ஸ்டிக்கி அந்த உறுப்போடு ஒட்டப் பார்க்கும், பக்கத்தோடு அல்ல. கிடைமட்ட ஸ்க்ரோலைத் தடுக்க யாரோ எப்போதோ போட்ட ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன்’ தான் பெரும்பாலும் காரணம். அதை ‘கிளிப்’ என்று மாற்றுங்கள். வழிவதை வெட்டும், ஆனால் தனி ஸ்க்ரோல் பரப்பை உருவாக்காது.

இரண்டாவது, உயரம். கிரிட் தன் உறுப்புகளை வரிசையின் முழு உயரத்துக்கு இழுக்கும். ஸ்டிக்கி அந்த உறுப்பின் மீதே இருந்தால், பெட்டி ஏற்கெனவே கட்டுரை அளவு உயரம். நகர இடமே இல்லை. ‘அலைன்-செல்ஃப்: ஸ்டார்ட்’ கொடுங்கள். ஸ்டிக்கி உள்ளே இருக்கும் நேவ் மீது என்றால் இது நேர்மாறு: வெளியே உள்ள பக்கப்பட்டை முழு உயரத்தில்தான் இருக்க வேண்டும், அதற்கு ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் கெட்டுவிடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இணையத்தில் கிடைக்கும் தீர்வுகள் ஒருவருக்கு வேலை செய்து இன்னொருவருக்குச் செய்யாமல் போகின்றன.

பெட்டி திரையைவிட உயரமானால் அடிவரிகள் கட்டுரை முடியும்வரை தெரியாது. ‘மேக்ஸ்-ஹைட்’ மதிப்பை 100 டிவிஎச்சிலிருந்து (திரையில் தெரியும் முழு உயரத்திலிருந்து) ‘டாப்’ அளவையும் கீழே 1.5 ரெமையும் கழித்து வையுங்கள், ‘ஓவர்ஃப்ளோ-ஒய்: ஆட்டோ’ சேருங்கள். ‘ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்: கன்டெய்ன்’ இருந்தால் பட்டியலின் முடிவை எட்டியதும் பக்கம் கூடவே ஓடாது. ஸ்க்ரோல்பாரை மெலிதாக்கலாம், முழுதாக மறைக்காதீர்கள்; கீழே இன்னும் இருக்கிறது என்று சொல்ல வேறு அடையாளம் இல்லை.

7. தாவி இறங்கும் இடம்

இணைப்பைத் தட்டியதும் தலைப்பு மேல்பட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறதா? எச்2, எச்3க்கு ‘ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப்’ கொடுங்கள்: மேல்பட்டை உயரத்தோடு 1 ரெம். பக்கம் முழுமைக்கும் ‘ஸ்க்ரோல்-பேடிங்-டாப்’ வைப்பது இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்து வைத்தால் அளவுகள் கூடிப்போய்த் தலைப்பு பாதித் திரையில் இறங்கும். பழைய தீம்களில் தலைப்புக்கு எதிர்ம மார்ஜினும் பெரிய பேடிங்கும் கொடுக்கும் தந்திரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பேடிங் முந்தைய பத்தியின் மீது படர்ந்து, அங்குள்ள இணைப்புகளைத் தட்ட முடியாமல் செய்யும்.

மென்மையான ஸ்க்ரோலை, அசைவைக் குறைக்கச் சொல்லாதவர்களுக்கு மட்டும் கொடுக்கும் மீடியா வினவலுக்குள் வையுங்கள். தாவல் சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் இறங்கினால் படங்களைப் பாருங்கள். அகலம், உயரம் குறிப்பிடாத படங்கள் தாமதமாக ஏறும்போது எல்லாவற்றையும் கீழே தள்ளுகின்றன.

8. ‘நான் எங்கே இருக்கிறேன்?’

இதற்கு இன்டர்செக்ஷன் அப்சர்வர்: ஓர் உறுப்பு குறிப்பிட்ட பரப்புக்குள் வருவதையும் வெளியேறுவதையும் ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லும் பிரவுசர் வசதி. பரவலாகப் பகிரப்படும் முறை, திரையின் மேற்பகுதியில் ஒரு மெல்லிய பட்டையை வரையறுத்து, அதற்குள் வரும் தலைப்பை நடப்பாகக் குறிப்பது. நீண்ட பகுதியைப் படிக்கும்போது அந்தப் பட்டையில் தலைப்பே இருக்காது. மேல்நோக்கி ஸ்க்ரோல் செய்தால் தலைப்பு பட்டையின் கீழ்வழியாக வெளியேறும், ஆனால் முந்தைய பகுதி குறிக்கப்படாது. ‘எண்ட்’ விசையை அழுத்தினால் தலைப்புகள் பட்டையைத் தாண்டிக் குதித்துவிடும், அப்சர்வருக்கு எதுவும் தெரியாது.

மூன்றையும் ஒரே மாற்றம் தீர்க்கும். பட்டையின் எல்லையைத் தீர்மானிக்கும் ‘ரூட்மார்ஜின்’ மதிப்பில் மேற்பக்கம் 100000 பிக்சல், கீழ்ப்பக்கம் −65% வையுங்கள். இப்போது பட்டை மேலே எல்லையின்றி நீள்கிறது. திரையின் 35% கோட்டுக்கு மேலே போன எல்லாத் தலைப்புகளும் உள்ளேதான் இருக்கும். உள்ளே இருப்பவற்றை ஒரு தொகுப்பில் வைத்து, ஆவண வரிசையில் கடைசியானதை நடப்பாகக் குறியுங்கள். தொகுப்பு காலி என்றால் வாசகர் இன்னும் முன்னுரையில் இருக்கிறார். ரூட்மார்ஜின் பிக்சலையும் சதவீதத்தையும் மட்டுமே ஏற்கும். ரெம் கொடுத்தால் பிழை எறிந்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

கடைசிப் பகுதி சிறியதாக இருந்தால் அதன் தலைப்பு 35% கோட்டை எட்டும் முன்பே பக்கம் முடிந்துவிடும். பக்கத்தின் அடியை அடைந்துவிட்டோமா என்று பார்த்து, அடைந்தால் கடைசி வரியைக் குறியுங்கள். சரிபார்ப்பில் 2 பிக்சல் விட்டுக்கொடுங்கள், ஜூம் செய்த திரையில் எண்கள் முழுமையாக ஒத்துவருவதில்லை. ஒருவர் இணைப்பைத் தட்டினால், அவர் அடுத்து ஸ்க்ரோல் செய்யும்வரை தட்டிய வரியையே நடப்பாக வைத்திருங்கள்.

குறிப்பதற்குத் தனி கிளாஸ் வேண்டாம். ‘ஏரியா-கரன்ட்’ பண்பில் ‘லொகேஷன்’ என்று எழுதி, சிஎஸ்எஸ்ஸில் அந்தப் பண்பையே பிடித்து நிறமும் கோடும் கொடுங்கள். கண்ணுக்குத் தெரிவதும் ஸ்க்ரீன் ரீடர் சொல்வதும் ஒருபோதும் பிசகாது. பட்டியல் நீளமென்றால் நடப்பு வரியைப் பெட்டிக்குள் தெரியும்படி நகர்த்த வேண்டியிருக்கும். ‘ஸ்க்ரோல்இன்டுவியூ’ பக்கத்தையும் சேர்த்து இழுத்துவிடக்கூடும் என்பதால், பெட்டியின் ‘ஸ்க்ரோல்டாப்’ மதிப்பை மட்டும் மாற்றுங்கள்.

9. சிறிய திரை

‘டீடெய்ல்ஸ்’, ‘சம்மரி’ குறியீடுகளே போதும், ஸ்கிரிப்ட் இல்லாமலே திறந்து மூடும். மூடிய நிலையில் தொடங்குங்கள். சம்மரி வரிக்கு 48 பிக்சல் உயரம், இணைப்புகளின் பேடிங்கை 0.75 ரெம் ஆக்கினால் ஒவ்வொரு வரியும் 45 பிக்சல் ஆகும். பெட்டி கட்டுரைக்கு மேலேயே நின்றுவிட்டால், தட்டிய பிறகு மூட வேண்டியதில்லை. மேலே ஒட்டிக்கொண்டு வந்தால் மூடியே ஆக வேண்டும், இல்லையென்றால் போய்ச் சேர்ந்த தலைப்பையே மறைக்கும். முதலில் மூடுங்கள், பிறகு தாவச் செய்யுங்கள். வரிசை மாறினால் மூடும்போது குறையும் உயரம் இறங்குமிடத்தைப் பிசகச் செய்யும்.

10. இருண்ட தோற்றம், அச்சு

நிறங்கள் எல்லாம் மாறிகளில் இருந்தால் இருண்ட தோற்றம் சில வரி வேலை. வெள்ளையில் தோற்ற #999999, #121212 பின்னணியில் ஏறத்தாழ 6.6:1 தருகிறது, அதை அங்கே பயன்படுத்தலாம். அச்சில் பொருளடக்கத்தை மறைத்துவிடுங்கள்; பக்க எண்களைப் பிரவுசர்களால் நிரப்ப முடியாததால் தாளில் அதற்குப் பயனில்லை.

11. சோதனை

மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் பட்டியலைக் கடந்து பாருங்கள். ஃபோகஸ் கோடு எங்கும் வெட்டுப்படக் கூடாது. 1280 பிக்சல் சாளரத்தில் 400% ஜூம் செய்யுங்கள், அது 320 பிக்சல் திரைக்குச் சமம்; கிடைமட்ட ஸ்க்ரோல் வரக் கூடாது. சாளரத்தின் உயரத்தை 500 பிக்சலாகக் குறைத்து, கடைசி வரி எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வரி நீளும் ஒரு தலைப்பை வேண்டுமென்றே சேர்த்துப் பாருங்கள். பிறகு கட்டுரை நடுவிலுள்ள ஒரு பகுதியின் முகவரியை நகலெடுத்துப் புதிய டேபில் நேரடியாகத் திறங்கள். தலைப்பு மேல்பட்டைக்குக் கீழே முழுதாகத் தெரிந்து, பட்டியலில் அதே வரி குறிக்கப்பட்டிருக்க வேண்டும். குறி மட்டும் வரவில்லையென்றால் முதல் படியில் சொன்ன ஐடி குறியாக்கத்துக்குத் திரும்பிப் போங்கள்.